பக்கத்துக் கடை உங்கள் நிலத்தில் ஏறிவிட்டதா? சுவரில் கை வைப்பதற்கு முன் செய்ய வேண்டியவை

மலேசியாவின் பினாங்கு ஜெலுத்தோங்கில் எங்களுடையது முனை வீடு. பக்கத்தில் வாகனப் பட்டறை. நடுவே அப்பா காலத்தில் கட்டிய இடுப்பளவுச் சுவர். ஒரு சீனப் புத்தாண்டு விடுமுறை முடிந்து அம்மாவைப் பார்க்கப் போனபோது, சுவரை ஒட்டி அந்தப் பக்கம் ஐந்து இரும்புத் தூண்கள் நின்றன. அவற்றின் மேல் தகரக் கூரை, எங்கள் பக்கமாகச் சரிந்து. மழை பெய்தால் கூரைத் தண்ணீர் முழுவதும் அம்மாவின் துளசி மாடத்தில் கொட்டியது.

இதைத் தீர்க்க எனக்குப் பதினோரு மாதங்களும் ஏறக்குறைய ஏழாயிரம் வெள்ளியும் (ரிங்கிட்) ஆயின. வரிசை தெரியாமல் கடைசியில் செய்ய வேண்டியதை முதலில் செய்ததால்தான் பாதி மாதங்கள் போயின. உங்களுக்கு அது வேண்டாம்.

தனி நிலப்பட்டா உள்ள வீடு, கடைக்காரர்களுக்கு மட்டுமே இது பொருந்தும். அடுக்குமாடி, ஸ்ட்ராத்தா பட்டா (கட்டடத்தின் ஒரு பகுதிக்கு மட்டுமான பட்டா) என்றால் நிர்வாகக் குழு, ஸ்ட்ராத்தா நடுவர் மன்றம் என்று பாதையே வேறு. இன்னொன்று: கோயில் நிலத்திலோ வக்காப் (முஸ்லிம் அறக்கொடை) நிலத்திலோ தரை வாடகை கட்டி வீடு கட்டியிருப்பவர்கள் பினாங்கில் நிறைய. உங்கள் பெயர் பட்டாவில் இல்லையென்றால், எல்லைக்காகப் பேச வேண்டியவர் நிலத்தின் சொந்தக்காரர். முதலில் அவருக்கு எழுதுங்கள்.

1. முதல் வாரம்: படம் எடுங்கள், வாய் கொடுக்காதீர்கள்

கைப்பேசியில் தேதி தெரியும்படி படம் எடுங்கள். தூண், கூரை விளிம்பு, தண்ணீர் விழும் இடம், சுவரில் புது விரிசல் இருந்தால் அது, எல்லாவற்றையும். அளவு நாடாவை விரித்து வைத்து எடுத்த படம், வெறும் படத்தைவிடப் பத்து மடங்கு பயன்படும். மழை பெய்யும்போது ஒரு காணொளி. பழைய குடும்பப் படங்களையும் தேடுங்கள். எங்கள் வீட்டில் தீபாவளிக்கு எடுத்த ஒரு படத்தின் பின்னணியில் தூண் இல்லாத சுவர் தெளிவாகத் தெரிந்தது. அதை வைத்தே தூண்கள் எப்போது வந்தன என்று காட்ட முடிந்தது.

இந்த வாரத்தில் செய்யக்கூடாதவை இரண்டு.

முதலாவது, "பரவாயில்லை" என்று சொல்வது. பட்டறைத் தவுக்கே (முதலாளி) நல்ல மனிதர்தான். அம்மாவை "ஆன்ட்டி" என்றுதான் அழைப்பார். பல ஆண்டுகளுக்கு முன் சுவரோரம் பழைய டயர்களை அடுக்கிக்கொள்ளலாமா என்று கேட்டாராம். அம்மாவும் பரவாயில்லை என்று சொல்லிவிட்டார். பேச்சு முற்றியபோது "ஆன்ட்டிதான் அனுமதி தந்தார்" என்று அது திரும்பி வந்தது. வாய்மொழியாகத் தந்த அனுமதியைத் திரும்பப் பெறலாம்; ஆனால் திரும்பப் பெற்றுவிட்டோம் என்று எழுத்தில் சொன்னால்தான் அதற்கு மதிப்பு.

இரண்டாவது, உடைப்பது. "இரும்பு வெட்டும் ஆள் ஒருவனைக் கூட்டி வருகிறேன், அரை மணி நேர வேலை" என்றார் என் சித்தப்பா. தூண் உங்கள் நிலத்திலேயே நின்றாலும் அது அவர்களின் பொருள். அதை நீங்களே அறுத்தால், குற்றவியல் சட்டத்தின் 427ஆம் பிரிவில் சேதம் விளைவித்ததாக அவர்கள் உங்கள் மேல் போலீஸ் புகார் கொடுக்க வழி பிறக்கும். அதுவரை வாதியாக இருந்த நீங்கள் அன்று மாலையே குற்றவாளிக் கூண்டுப் பக்கம் நகர்ந்துவிடுவீர்கள்.

போலீஸுக்குப் போகலாமா என்று பலர் கேட்கிறார்கள். போகலாம். ஆனால் "இது சிவில் வழக்கு" என்று சொல்லி அனுப்புவார்கள் என்பதைத் தெரிந்துகொண்டு போங்கள். புகார் நகல் ஒரு பதிவாக உதவும், அவ்வளவுதான். எல்லைக் கல்லைப் பிடுங்கிவிட்டார்கள், மிரட்டினார்கள் என்றால் கதை வேறு, உடனே போங்கள்.

2. கெரானை (நிலப்பட்டாவை) எடுத்து நிதானமாகப் படியுங்கள்

நிலப்பட்டா வீட்டுக் கடனுக்காக வங்கியில் இருந்தால் நகல் போதும். பார்க்க வேண்டியவை மூன்று.

தலைப்பு: கெரான் அல்லது பஜாக்கான் நெகெரி என்றிருந்தால் பதிவு மாநில நில, கனிம அலுவலகத்தில் (பி.டி.ஜி.) இருக்கும். கெரான் முக்கிம், பஜாக்கான் முக்கிம் என்றால் மாவட்ட நில அலுவலகம் (பி.டி.டி.). பினாங்குத் தீவின் வடகிழக்கு மாவட்டத்துக்கு இரண்டுமே கொம்தார் கட்டடத்தில்தான். இந்த வேறுபாடு தெரியாமல் நான் ஒரு காலை முழுவதும் தவறான மாடியில் எண் சீட்டைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். கோலாலம்பூர்க்காரர்களுக்கு இந்தக் குழப்பம் இல்லை. கூட்டரசுப் பிரதேச பி.டி.ஜி. ஒன்றே.

பட்டா எண்: எச்.எஸ்.டி., எச்.எஸ்.எம். என்று தொடங்கினால் அது தற்காலிகப் பட்டா. இறுதி அளவை இன்னும் முடியவில்லை, எல்லைகளும் உறுதியாகவில்லை என்று பொருள். இப்படிப்பட்ட பட்டாவை வைத்துக்கொண்டு முப்பது சென்டிமீட்டருக்குச் சண்டை போடுவதற்கு முன், அளவை எந்தக் கட்டத்தில் இருக்கிறது என்று நில அலுவலகத்தில் கேளுங்கள்.

பரப்பளவும் லாட் எண்ணும் (நிலத் துண்டின் எண்): இவை அடுத்த படிக்குத் தேவை. வீட்டு விலாசமும் லாட் எண்ணும் வேறு வேறு. சுக்காய் பிந்து (வீட்டு வரி) ரசீதில் உள்ள எண்ணை எழுதிக்கொடுத்துவிட்டு நிற்காதீர்கள்.

3. பெலான் அக்குயி வாங்குங்கள்

ஜூபெம் என்று எல்லோரும் சொல்லும் நில அளவை, வரைபடத் துறை இறுதி அளவை முடிந்த ஒவ்வொரு லாட்டுக்கும் சான்றளித்த வரைபடம் வைத்திருக்கிறது. அதுதான் பெலான் அக்குயி. இணையத்திலேயே பணம் கட்டி வாங்கிக்கொள்ளலாம். சண்டை வருவதற்கு முன்பே ஒவ்வொரு வீட்டிலும் இருக்க வேண்டிய காகிதம் இது என்பேன், விலையும் பெரிதல்ல.

அதில் உங்கள் நிலத்தின் ஒவ்வொரு பக்கத்தின் நீளமும் திசைக் கோணமும், எந்த மூலையில் என்ன எல்லைக் குறி புதைக்கப்பட்டது என்பதும் இருக்கும். கல் என்று நாம் சொன்னாலும் அது இரும்புக் குழாயாக இருக்கலாம், சிமெண்டில் அறைந்த ஆணியாக இருக்கலாம். பக்கத்து லாட்டின் எண்ணும் அந்த வரைபடத்திலேயே அச்சாகியிருக்கும். அதைக் குறித்துக்கொள்ளுங்கள்.

4. எதிராளி யார் என்று கண்டுபிடியுங்கள்

இரண்டு மாதங்கள் நான் தவுக்கேயிடம் பேசிக்கொண்டிருந்தேன். அவர் நிலத்தின் சொந்தக்காரரே அல்ல, வாடகைக்காரர் என்பது பிறகுதான் தெரிந்தது.

பக்கத்து லாட் எண்ணைக் கொண்டு நில அலுவலகத்தில் "சாரியான்" (பட்டாப் பதிவுத் தேடல்) எடுங்கள். யார் வேண்டுமானாலும் யாருடைய பட்டாவையும் தேடிப் பார்க்கலாம். காரணம் சொல்ல வேண்டியதில்லை. சாரியான் பெர்செண்டிரியான் (தனிப்பட்ட தேடல்) மலிவானது, நம் தகவலுக்குப் போதும். சாரியான் ரஸ்மி (அதிகாரபூர்வத் தேடல்) சான்றிதழாக வரும். வழக்கறிஞரிடமும் நீதிமன்றத்திலும் அதுதான் செல்லும். உங்கள் நிலத்துக்கு ரஸ்மி ஒன்று, பக்கத்து நிலத்துக்குப் பெர்செண்டிரியான் ஒன்று, இப்போதைக்கு இது போதும். சொந்தக்காரர் பெயர், வங்கி அடமானம், கவியட் (நிலத்தைக் கைமாற்றவிடாமல் தடுக்கும் பதிவு) இருந்தால் அது, எல்லாம் அதில் தெரியும்.

அடுத்து எஸ்.எஸ்.எம்., அதாவது நிறுவன ஆணையத்தில் கடையின் பதிவைத் தேடுங்கள். செண்டிரியான் பெர்ஹாட் (தனியார் நிறுவனம்) என்றால் கடிதம் நிறுவனத்தின் பதிவு விலாசத்துக்குப் போக வேண்டும். எண்டர்பிரைஸ் என்றால் அதன் பின்னால் ஒரு தனி மனிதரோ கூட்டாளிகளோ இருக்கிறார்கள்; பொறுப்பு அவர்களுடையது. பெயர்ப்பலகையில் உள்ள பெயருக்கு அனுப்பிய கடிதம் யாருக்கும் அனுப்பாத கடிதம்தான்.

5. உரிமம் பெற்ற நில அளவையாளர்: பணத்தை இங்கே செலவழியுங்கள்

நான் செய்த பெரிய தவறு இதுதான். தெரிந்த கட்டடக் குத்தகையாளர் ஒருவர் கருவியோடு வந்து அளந்து, ஒரு தாளில் வரைந்து கொடுத்தார். 600 வெள்ளி. அந்தத் தாளை வழக்கறிஞர் ஒரு பார்வை பார்த்துவிட்டு, "ஞாபகார்த்தமாக வைத்துக்கொள்ளுங்கள்" என்றார்.

எல்லையை மீண்டும் குறித்துத் தர, 1958ஆம் ஆண்டு நில அளவையாளர் சட்டத்தின் கீழ் உரிமம் பெற்றவர் வேண்டும். நில அளவையாளர் வாரியத்தின் பட்டியலில் பெயர் இருக்கிறதா என்று பார்த்துவிட்டுக் கூப்பிடுங்கள். கேட்க வேண்டிய வேலை "எல்லைக் குறிகளை மீண்டும் நிறுவுதல்". கூடவே, கட்டுமானம் எத்தனை சென்டிமீட்டர் உள்ளே வந்திருக்கிறது என்று காட்டும் வரைபடமும் கையொப்பத்தோடு வேண்டும் என்று முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். பிறகு கேட்டால் தனிக் கட்டணம். என்னிடம் இரண்டுக்கும் சேர்த்து 3,200 வெள்ளி வாங்கினார்கள். முன்பணம் கட்டியதிலிருந்து அறிக்கை கைக்கு வர ஐந்து வாரங்கள்.

அளக்கும் நாளைப் பக்கத்துக் கடைக்கும் நிலத்தின் சொந்தக்காரருக்கும் ஒரு வாரம் முன்பே எழுதித் தெரிவியுங்கள். ஒன்று, அவர்கள் வளாகத்துக்குள் கால் வைக்க வேண்டிவரும். இன்னொன்று, கண் முன்னே அளந்ததைப் பிறகு "எனக்குத் தெரியாமல் செய்தது" என்று யாரும் சொல்ல முடியாது.

அன்று காலை எட்டரைக்கே வந்துவிட்டார்கள். தெருக்கோடியில் இருந்த பழைய குறி ஒன்றிலிருந்து தொடங்கிக் கருவியை நகர்த்தி நகர்த்தி வந்தார்கள். முன் மூலைக்கு வந்ததும் உதவியாளர் பட்டறையின் தரையைக் காட்டினார். எண்ணெய் ஊறிக் கறுத்த சிமெண்ட். தவுக்கே தயங்கினார், பிறகு அவரே உளியும் சுத்தியலும் எடுத்து வந்து கொடுத்தார். ஒரு சாண் ஆழத்தில் துருப்பிடித்த குழாயின் வாய் தெரிந்தது. எங்கள் சுவரிலிருந்து 52 சென்டிமீட்டர் தள்ளி, பட்டறைக்குள். தூண்கள் நின்றது முழுக்க எங்கள் நிலத்தில். அம்மா சுவருக்கு மேலாக எட்டிப் பார்த்துவிட்டு, "உன் அப்பா கயிறு பிடித்துக் கட்டிய சுவர்" என்றார்.

பின் மூலையில் என் முறை. அதே சுவர் அங்கே 14 சென்டிமீட்டர் அவர்கள் நிலத்துக்குள் போயிருந்தது. அதன் மேல்தான் எங்கள் தண்ணீர்த் தொட்டியின் மேடை.

எனவே அளவையாளர் வரும்வரை, யாரிடமும் "நீ திருடிவிட்டாய்" என்று சொல்லாதீர்கள். பழைய சுவர், வேலி, சாக்கடை எதுவும் எல்லை அல்ல. குழாயும் வரைபடமும் சொல்வதுதான் எல்லை.

6. அறிக்கையோடு உட்கார்ந்து பேசுங்கள்

கையில் அளவு இருக்கும்போது பேச்சு பாதியாகக் குறைந்துவிடுகிறது. தவுக்கே, நில உரிமையாளர், நாங்கள் மூவரும் ஒரு கோப்பிக் கடையில் உட்கார்ந்தோம். "இருபது ஆண்டுகளாக இந்த இடத்தை நாங்கள்தான் பயன்படுத்துகிறோம்" என்றார் உரிமையாளர். இதைக் கேட்டு மிரண்டுவிடாதீர்கள். இந்தியாவில் அனுபவப் பாத்தியம் என்று ஒன்று உண்டு; ஊரிலிருந்து உறவினர்கள் அதைச் சொல்லிப் பயமுறுத்துவார்கள். மலேசியாவில் தேசிய நிலச் சட்டத் தொகுப்பின் 341ஆம் பிரிவு அதற்கு இடம் தரவில்லை. எத்தனை ஆண்டுகள் உட்கார்ந்திருந்தாலும் பட்டாக்காரரின் உரிமை போய்விடாது.

அதற்காகத் தூங்கிவிடவும் வேண்டாம். நஷ்ட ஈடு போன்ற கோரிக்கைகளுக்குத் தீபகற்பத்தில் ஆறு ஆண்டுக் காலவரம்பு உண்டு. பார்த்துக்கொண்டே சும்மா இருந்துவிட்டு, கட்டி முடித்த பிறகு இடிக்கச் சொன்னால் நீதிமன்றம் இரக்கம் காட்டாமலும் போகலாம்.

பேசியதை அன்றிரவே வாட்ஸ்அப்பில் நான்கு வரியாக எழுதி இரு தரப்புக்கும் அனுப்புங்கள். மறுப்பு வராவிட்டால் அதுவே பதிவு.

7. வழக்கறிஞர் கடிதம்

பேச்சில் தீராவிட்டால் 14 நாள் கெடுவோடு ஒரு கடிதம். எனக்கு 400 வெள்ளி ஆனது. நிலச் சொந்தக்காரர், கடை இரண்டு பேருக்கும் அனுப்பச் சொல்லுங்கள். அளவை வரைபடத்தின் நகல் இணைக்கப்பட வேண்டும். பதிவுத் தபாலில் போக வேண்டும். உங்கள் பக்கமும் குறை இருந்தால் (எங்கள் 14 சென்டிமீட்டர்) கடிதத்திலேயே ஒப்புக்கொண்டுவிடுங்கள். மறைத்தால் எதிர்க்கடிதத்தில் அதுதான் முதல் வரியாக வரும்.

கவியட் போட்டுவிடுங்கள் என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள். பக்கத்து நிலத்தின் மேல் பதிவு செய்யத்தக்க உரிமை உங்களுக்கு இருந்தால்தான் அது செல்லும். எல்லைத் தகராறு மட்டும் அப்படிப்பட்ட உரிமையைத் தராது. தவறாகப் போட்ட கவியட்டுக்கு 329ஆம் பிரிவின் கீழ் நஷ்ட ஈடு கேட்பார்கள்.

8. மாநகர் மன்றம்: எல்லைக்காக அல்ல, கட்டுமானத்துக்காக

பினாங்குத் தீவு மாநகர் மன்றம், செபராங் பிறை மாநகர் மன்றம், கோலாலம்பூர் மாநகராண்மைக் கழகம் எதுவும் உங்கள் எல்லையைத் தீர்த்து வைக்காது. அது அவர்கள் வேலையும் அல்ல. ஆனால் 1974ஆம் ஆண்டு சாலை, வடிகால், கட்டடச் சட்டத்தின்படி, அனுமதியின்றி எழுப்பிய கட்டுமானத்தின் மேல் அவர்கள் நடவடிக்கை எடுக்க முடியும். எனவே புகாரில் "என் நிலத்தை எடுத்துக்கொண்டார்கள்" என்று எழுதாமல், "கட்டட அனுமதி பெறாததாகத் தோன்றும் கூரை, மழைநீர் என் வளாகத்தில் விழுகிறது" என்று எழுதுங்கள். படங்கள், லாட் எண்கள், அளவை வரைபடம் இணைப்பு. புகார் எண்ணை வாங்கிக்கொள்ளுங்கள். செலவு இல்லை.

ஒரு எச்சரிக்கை: ஆய்வுக்கு வரும் அதிகாரி உங்கள் வீட்டையும் பார்ப்பார். அனுமதியில்லாமல் பின்கட்டில் சமையலறை நீட்டியிருப்பவர்கள் இந்தப் படியை இரண்டு முறை யோசியுங்கள். ஜார்ஜ் டவுன் உலகப் பாரம்பரிய வட்டாரத்தில் இருப்பவர்களுக்கு இன்னொன்றும் உண்டு: பழைய கடைவீடுகளில் நடுச்சுவர் இரு தரப்புக்கும் பொதுவாக இருக்கும். அதில் யார் எதைச் செய்வதென்றாலும் மன்றத்தின் அனுமதி வேண்டும்.

9. சமரசம்

தேசிய ஒற்றுமைத் துறையின் சமூக நடுவர்கள் அண்டை வீட்டுத் தகராறுகளை எடுத்துக்கொள்கிறார்கள், கட்டணமில்லை. இரு தரப்பும் சம்மதித்தால்தான் நடக்கும். நாங்கள் அதற்குப் போக வேண்டி வரவில்லை. வழக்கறிஞர் கடிதம் போன பன்னிரண்டாம் நாள் உரிமையாளரே அழைத்தார். எட்டாம் மாதம் அது.

10. உடன்பாட்டைக் காகிதத்தில் கொண்டு வாருங்கள்

உங்கள் முன் மூன்று வழிகள் இருக்கும்.

அகற்றுவது: கெடு தேதி, யார் செலவு, தரையை யார் சரிசெய்வது என்று எழுதுங்கள்.

அந்தத் துண்டை விற்றுவிடுவது: கேட்கச் சுலபம். நிலத்தைப் பிரித்து அவர்கள் லாட்டோடு சேர்க்க வேண்டும். அளவையாளர், நில அலுவலகம், இரு தரப்பு வங்கிகளின் சம்மதம், சொத்து இலாப வரிக் கணக்கு எல்லாம் வரும். அரை மீட்டர் நிலத்தின் விலையைவிடச் செலவு அதிகம்.

வாடகைக்கு விடுவது: நாங்கள் எடுத்த வழி. பட்டறையின் குத்தகை இன்னும் இரண்டு ஆண்டுகளில் முடிகிறது. அதுவரை மாதம் 100 வெள்ளி வாடகை. முடிந்ததும் தூண்களை அவர்களே எடுத்துவிட வேண்டும். கூரை விளிம்பை உடனே வெட்டித் தண்ணீர் வாய்க்கால் மாட்ட வேண்டும். எங்கள் தொட்டி மேடையும் அதே இரண்டு ஆண்டுகள் இருக்கலாம். மூன்று ஆண்டுகளுக்கு மேற்படாத வாடகையை நில அலுவலகத்தில் பதிய வேண்டியதில்லை. முத்திரைத் தீர்வை மட்டும் கட்டிவிடுங்கள். "எல்லை அளவை வரைபடத்தில் உள்ளபடியே என்று இரு தரப்பும் ஏற்கிறோம்" என்ற வரி கட்டாயம் இருக்க வேண்டும். கடைக்காரர் மட்டுமன்றி நிலச் சொந்தக்காரரும் கையொப்பமிட வேண்டும். இதை எழுத 1,500 வெள்ளி ஆனது. பேசி முடிக்க ஒரு நாள், எழுதிக் கையொப்பம் வாங்க இரண்டரை மாதம்.

11. நீதிமன்றம்

எதுவும் நடக்காவிட்டால்தான். அத்துமீறல், இடையூறு என்ற அடிப்படையில் தடையாணையும் நஷ்ட ஈடும் கேட்பார்கள். எல்லை உரிமையே கேள்வியாகும்போது வழக்கு உயர் நீதிமன்றத்துக்குப் போகும். பினாங்கில் அது லைட் ஸ்திரீட்டில். என் வழக்கறிஞர் கணக்குப் போட்டு, "முப்பதாயிரத்துக்குக் குறையாது, இரண்டு ஆண்டுகள் வைத்துக்கொள்ளுங்கள்" என்றார். அளவை அறிக்கை இல்லாமல் இந்தப் படியில் கால் வைக்கவே வேண்டாம்.

செலவுக் கணக்கு

அளவை 3,200. ஒப்பந்தம் 1,500. வழக்கறிஞர் கடிதம் 400. சாரியான், பெலான் அக்குயி, எஸ்.எஸ்.எம். தேடல், தபால், முத்திரை எல்லாம் சேர்ந்து 150க்கு அருகில். துளசி மாடத்தையும் சுவர் விரிசலையும் சரிசெய்ய 1,100. குத்தகையாளரிடம் வீணாக்கியது 600. இரண்டு ஆண்டு வாடகையாக 2,400 திரும்பி வரும். சரியான வரிசையில் போயிருந்தால் ஆறு மாதத்தில் முடிந்திருக்கும்.

அளவையாளர் காட்டிக் கொடுத்த குழாய்களைச் சுற்றிச் சிவப்புச் சாயம் பூசிப் படம் எடுத்து, வரைபடத்தோடு ஒரே உறையில் வைத்துவிடுங்கள். முன் மூலைக் குழாயைச் சுற்றிப் பட்டறைப் பையன்களே ஒரு சிறு கட்டம் விட்டுச் சிமெண்ட் பூசிக் கொடுத்தார்கள். பின் மூலையில் இருப்பதன் மேல் அம்மா கறிவேப்பிலைத் தொட்டியைக் கொண்டுபோய் வைத்துவிடுகிறார். வாரம் ஒருமுறை போய் நகர்த்திவிட்டு வருகிறேன்.